திரும்பி வராத கார்கள்

கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் உட்காருகிற இடம் ஒன்று உண்டு. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். பேப்பர் ஒன்று, படிப்பவர் ஒருவர், கருத்துச் சொல்பவர்கள் மீதி எல்லோரும். 2023 டிசம்பரில் ஒரு நாள், பேப்பர் படித்துக்கொண்டிருந்த நண்பர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "முசே, அமெரிக்காவிலே டெஸ்லாக்காரன் இருபது லட்சம் காரைத் திரும்பப் பெறுகிறானாம். அவ்வளவு காரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்துவான்?" என்று கேட்டார்.

கப்பலில் ஏற்றி நடுக்கடலில் தள்ளிவிடுவான் என்றார் ஒருவர். பொதுப்பணித் துறையில் இருந்தவர் உடனே கணக்குப் போட்டார். ஒரு கார் நாலரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 9,000 கிலோமீட்டர் வரிசை. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும் என்றார். நான், "ஒரு கார்கூட நின்ற இடத்தை விட்டு அசையாது" என்றேன். வயதாகிவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

உண்மையிலேயே அசையவில்லை. அந்தக் கார்களில் 'ஆட்டோபைலட்' என்று ஒரு வசதி. நெடுஞ்சாலையில் வண்டி தானாகவே ஸ்டியரிங்கைப் பிடித்து, முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் ஓட்டுபவர் கவனமாக இருந்தே தீர வேண்டும். அவர் கவனமாக இருக்கிறாரா என்று வண்டி சரிபார்க்கிற முறை போதாது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் முடிவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய விசாரணை அது. 956 விபத்துகளை எடுத்துப் பார்த்தார்கள். நிறுவனம் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனாலும் சரிசெய்துதர ஒப்புக்கொண்டது. சரிசெய்தது எப்படி? இரவில் கார் வீட்டில் நிற்கும்போது, நம் செல்போனுக்கு அப்டேட் வருகிற மாதிரியே, காற்று வழியாக அனுப்பிவிட்டார்கள். எச்சரிக்கை எழுத்து பெரிதாயிற்று, கூடுதல் சோதனைகள் சேர்ந்தன. மெக்கானிக் இல்லை, பட்டறை இல்லை, கையில் கிரீஸ் இல்லை.

இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் உண்டு. முதலாவது, இது பெரிய நன்மை. இரண்டாவதைச் சொல்ல இந்தக் கட்டுரை முழுவதும் வேண்டும்.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டப்படி நடைமுறை இதுதான்: குறை தெரிந்துவிட்டால் நிறுவனம் 5 வேலை நாளுக்குள் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் தபாலில் கடிதம் போட வேண்டும். அவர் காரைக் கொண்டுவந்தால் காசு வாங்காமல் பழுதுபார்த்துத் தர வேண்டும். சட்டத்தில் குறையில்லை. மனிதர்களிடம்தான் குறை. கடிதத்தைப் பிரிக்காமல் போடுகிறவர்கள், வீடு மாறியவர்கள், மூன்றாம் கைக்கு விற்றவர்கள், 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்பவர்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக் கதை பலருக்கு நினைவிருக்கும். உள்ளே இருந்த ரசாயனம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போய், உயிரைக் காக்க வேண்டிய பை வெடித்து உலோகத் துண்டுகளை முகத்தில் வீசியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் உறுப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் போனது, ஆள் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார்கள். அப்படியும் மாற்றாமல் ஓடிய கார்கள் லட்சக்கணக்கில். அதில் சிலர் செத்தும் போனார்கள்.

தபாலுக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு வேடிக்கையான கட்டமும் இருந்தது. 2015ல் இரண்டு கணினி ஆராய்ச்சியாளர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே, நெடுஞ்சாலையில் ஒரு பத்திரிகையாளர் ஓட்டிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியின் இயக்கத்தை நிறுத்திக் காட்டினார்கள். அவர் சம்மதித்துத்தான் ஏறினார். இருந்தாலும் பின்னால் லாரி வரும்போது வண்டி வேகம் இழந்தால் சம்மதம் எங்கே நிற்கும்! நிறுவனம் 14 லட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் அறிவித்து, உரிமையாளர்களுக்கு ஆளுக்கு ஒரு பென் டிரைவைத் தபாலில் அனுப்பியது. நீங்களே காரில் சொருகிக்கொள்ளுங்கள் என்று. தபால் அனுப்பும் பிரிவில் மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். 14 லட்சம் உறை, உள்ளே ஒரு பென் டிரைவ் என்று நினைத்தாலே எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது. முன்பின் தெரியாத பென் டிரைவைச் சொருகாதே என்று கணினிக்காரர்கள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் வேறு.

அதோடு ஒப்பிட்டால் காற்றுவழித் திருத்தம் ஏறக்குறைய எல்லா வண்டிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பலனும் சாதாரணமானது இல்லை. 2018ல் அமெரிக்க நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், டெஸ்லா மாடல் 3 காரை மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓட்டி பிரேக் பிடித்துப் பார்த்தது. நிற்க 152 அடி ஆனது. இந்தக் காரைச் சிபாரிசு செய்ய மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். சில நாளில் நிறுவனம் ஒரு அப்டேட் அனுப்பியது. அதே காரை மறுபடி சோதித்தபோது 133 அடியில் நின்றது. 19 அடி குறைவு. ஒரு காரின் நீளத்துக்கும் மேல். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்த 19 அடி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. திருப்புளி தொடாமல் பிரேக் நன்றாகிறது என்பதை என் தலைமுறை ஆள் நம்புவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இனி இரண்டாவது அபிப்பிராயம்.

2023 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் இன்னொரு வசதிக்கு, 3,62,758 கார்களுக்கு, இதேபோல் திருத்தம் அறிவிக்கப்பட்டது. அப்போது அதன் தலைவர் எலான் மஸ்க், காற்றில் போகிற ஒரு மென்பொருள் அப்டேட்டை 'ரீகால்' என்று அழைப்பது காலத்துக்கு ஒவ்வாதது, தவறு என்கிற பொருளில் எழுதினார். கார் திரும்பி வரவில்லையே, பிறகு எதற்கு அந்தப் பெயர்? எங்கள் கடற்கரை நண்பர் கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான். தமிழில் 'திரும்பப் பெறுதல்' என்று எழுதுவதால் நமக்கு இந்த வாதம் இன்னும் நியாயமாகத் தோன்றும்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சில் இதற்கு 'ரப்பெல்' என்று பெயர். (போர் விமானம் ரஃபேல் வேறு, என் பேரன் குழப்பிக்கொண்டான்.) ரப்பெல் என்றால் திரும்ப அழைப்பது மட்டுமில்லை. பணம் கட்டாதவருக்குப் போகிற நினைவூட்டுக் கடிதமும் ரப்பெல்தான். குழந்தைக்குப் போடும் இரண்டாம் ஊசி, பூஸ்டர், அதுவும் ரப்பெல். எங்களைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு மிகவும் பிடித்த அர்த்தம் இன்னொன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். எந்த அர்த்தத்திலும் முக்கியம் பொருள் திரும்பி வருவது அல்ல. 'உனக்கும் எனக்கும் இடையில் ஒரு பாக்கி இருக்கிறது' என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது.

அமெரிக்கச் சட்டமும் அந்தப் பொருளில்தான் வார்த்தையைப் பயன்படுத்துகிறது. குறை இருந்தது, இந்தத் தேதியில் தெரிந்தது, இத்தனை வண்டியில் இருக்கிறது, இப்படிச் சரிசெய்கிறோம் என்று பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏற வேண்டும். அது ஏறிவிட்டால், சரிசெய்தது திருப்புளியாலா காற்றாலா என்பது இரண்டாம் பட்சம். இதனால்தான் காற்றில் ஒரு நொடியில் திருத்தம் வந்து சேர்ந்த பிறகும், உரிமையாளர் வீட்டுக்குக் காகிதத்தில் ஒரு கடிதம் போக வேண்டியிருக்கிறது. பலர் இதைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்தக் கடிதம் பிடித்திருக்கிறது.

மஸ்க் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் சுமார் 22 லட்சம் கார்களுக்கு ஒரு ரீகால். குற்றம் என்ன தெரியுமா? பிரேக், பார்க்கிங் முதலிய எச்சரிக்கை விளக்குகளின் எழுத்து அளவு சிறியதாம். சட்டப்படி குறைந்தது 3.2 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். பேப்பரில் 'இருபத்திரண்டு லட்சம் கார்கள்' என்று போட்டால் ஏதோ சக்கரம் கழன்று ஓடியதுபோலத் தோன்றும். இப்படியே போனால் மக்கள் 'புலி வருது' கதையாக எதையும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எழுபது தாண்டிய என்னைக் கேட்டால் 3.2 மில்லிமீட்டர்கூடப் போதாது என்பேன். அது கிடக்கட்டும். எது சின்னக் குறை, எது பெரிய குறை என்று யார் பிரிப்பது? குறை வைத்தவரே பிரித்தால் எல்லாமே சின்னதாகத்தான் இருக்கும்.

2022ன் தொடக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் சந்திப்புகளில் 'ஸ்டாப்' பலகை இருந்தால் வண்டியை முழுவதுமாக நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தானே ஓட்டும் வசதி இருந்த 53,822 கார்கள், சுற்றிலும் யாரும் இல்லை என்று தெரிந்தால், நிற்காமல் ஊர்ந்தபடியே கடந்து போகும். இது கைதவறி வந்த பிழை அல்ல. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியது. சட்டத்தை மீறும் வழக்கத்தையே வசதியாகச் செய்து கொடுத்திருந்தார்கள். அரசு கேட்டதும் ஒரு அப்டேட்டில் எடுத்துவிட்டார்கள். ரீகால் என்ற பெயரும் பதிவும் இல்லாவிட்டால், அப்படி ஒன்று இருந்ததே இன்று யாருக்குத் தெரியும்? பழைய மென்பொருள் எந்தக் காரிலும் இல்லை.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். ஆபீசில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித் தந்தது: பணிப்பதிவேட்டில் ரப்பர் வைக்காதே. தப்பானதை ஒரே கோட்டால் அடி. அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதி போடு. விதிப் புத்தகங்களுக்குத் திருத்தச் சீட்டு வரும். பசை தடவி ஓரத்தில் மட்டும் ஒட்டுவோம். சீட்டைத் தூக்கினால் அடியில் பழைய விதி இருக்கும். முன்னால் அந்த விதிப்படி ஒருவருக்கு ஏதாவது நடந்திருந்தால் அவர் வந்து கேட்கும்போது காட்ட வேண்டுமே! காற்றுவழித் திருத்தத்தில் இந்தச் சீட்டு இல்லை. புத்தகமே ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடுகிறது.

2021 செப்டம்பரில் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. சாலையோரம் விளக்கு மின்ன நின்றிருந்த தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டிகள்மேல் ஆட்டோபைலட் கார்கள் போய் மோதியதைப் பற்றி அரசு விசாரித்துக்கொண்டிருந்த நேரம். நிறுவனம் அந்த மின்னும் விளக்குகளை அடையாளம் காணும்படி ஒரு அப்டேட்டை அனுப்பியது. ரீகால் என்று அறிவிக்கவில்லை. அக்டோபரில் பாதுகாப்பு நிர்வாகம் கடிதம் எழுதிக் கேட்டது: பாதுகாப்புக் குறையைத் தீர்க்கிற அப்டேட் என்றால் ரீகால் அறிக்கை எங்கே? திருத்தியது நல்லதுதானே, ஏன் குடைகிறார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

1983 என்று நினைவு. நான் அப்போது கீழ்நிலை எழுத்தர். குடும்ப ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாளின் கணக்கில் பிழை கண்டேன். அவர் கணவர் இறப்பதற்குச் சில மாதம் முன்பு வாங்கிய ஊதிய உயர்வைச் சேர்க்காமல் கணக்குப் போட்டிருந்தது. மாதம் 14 ரூபாய் குறைவு. நாலு வருடத்துக்கும் மேலாக அப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் ஒழுங்காகக் குறிப்பு எழுதி, நிலுவைத் தொகையும் போட்டு, அந்த அம்மாளுக்கு ஒரு கடிதமும் தயார்செய்து மேலே அனுப்பினேன். மேலதிகாரி கூப்பிட்டார். "அடுத்த மாசத்திலேருந்து சரியாப் போகட்டும்பா. அரியர்ஸ்னு எழுதினா ஆடிட்லே யார் போட்ட கணக்குன்னு கேட்பான். எதுக்கு வீண் வம்பு?" அந்தக் கணக்கைப் போட்டவர் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. நல்ல மனிதர். நான் குறிப்பைக் கிழித்துவிட்டு, தொகையை மட்டும் மாற்றினேன்.

அடுத்த மாதம் அந்த அம்மாள் பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். மணியார்டர் சீட்டை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்து, "தம்பி, பதினாலு ரூபா கூட வந்திருக்கு. தப்பா அனுப்பிட்டீங்க போல. திருப்பிக் கட்டணுமா?" என்று கேட்டார். பதினாலு ரூபாயை எண்ணிக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான், "இல்லம்மா, சரியாத்தான் வந்திருக்கு, வச்சுக்குங்க" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவர் நாலைந்து தரம் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சம்பள நிலுவைக்குப் பிரெஞ்சில் 'ரப்பெல்' என்றுதான் பெயர். மேலே விட்டுவைத்த அர்த்தம் அதுதான்.

யோசித்துப் பாருங்கள். நான் செய்தது திருத்தம். உடனடியாக, செலவில்லாமல், அந்த அம்மாளை அலைக்கழிக்காமல் செய்த திருத்தம். அவர் அலைந்தது நாங்கள் சொல்லாததால். தவறு நடந்ததாக எங்கும் எழுதப்படாததால், முந்தைய நாலு வருடத்துக்கு அவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லாமல் போயிற்று. காரிலும் இதே கணக்குத்தான். அப்டேட் வருவதற்கு முதல் வாரம் ஒருவர் விபத்தில் சிக்கியிருந்தால்? வண்டியில் குறை இருந்தது என்று காட்ட அவரிடம் என்ன இருக்கிறது? ஓட்டியவர் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிடுவார்கள்.

பதிவு இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு: திருத்தம் சரியாகத்தான் இருக்கிறதா என்று மறுபடி கேட்கலாம். ஃபோர்டு நிறுவனம் 2022ல் தன் மஸ்டாங் மாக்-இ மின்சாரக் கார்கள் 48,924க்கு ரீகால் அறிவித்தது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் சூடேறி, ஓடும்போதே வண்டி சக்தி இழக்கலாம் என்பது குறை. தீர்வு மென்பொருள். சூட்டைக் கவனித்து, அளவு மீறினால் சக்தியைக் குறைக்கிற ஏற்பாடு. ஆனால் மென்பொருள் போட்ட பிறகும் புகார்கள் வந்தன. அரசு, போன ரீகாலின் கோப்பை எடுத்துக் கேள்வி கேட்டது. 2023ல் மறுபடியும் ரீகால். இந்தத் தடவை பாகத்தையே கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. இரும்பில் இருந்த நோய்க்குக் காற்றில் மருந்து அனுப்பிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

தொடக்கத்தில் சொன்ன இருபது லட்சம் கார் விஷயமும் முடியவில்லை. 2024 ஏப்ரலில் பாதுகாப்பு நிர்வாகம் அந்தத் திருத்தம் போதுமா என்று புதிதாக விசாரணை திறந்தது. திருத்திய பிறகும் விபத்துகள் நடந்திருந்தன. அதோடு, திருத்தத்தின் ஒரு பகுதியை உரிமையாளர் தாமே விரும்பித் தேர்ந்தால்தான் வேலை செய்யும். வேண்டாம் என்றால் சுலபமாகப் பழையபடி மாற்றிக்கொள்ளவும் முடியும் என்று எழுதியிருந்தார்கள். கழற்றிவைக்கக்கூடிய பூட்டு மாதிரி. இதையெல்லாம் கேட்க முடிந்ததற்குக் காரணம், 2023 டிசம்பரில் நடந்ததற்கு 'ரீகால்' என்று பெயர் வைத்து எண் போட்டு வைத்திருந்ததுதான். வெறும் அப்டேட் என்றால் எந்தக் கோப்பை எடுப்பது?

ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 156 என்று ஒன்று 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த வண்டியில் எந்த மென்பொருள் இருந்தது, எப்போது என்ன மாற்றினோம் என்று நிறுவனம் பதிவு வைக்க வேண்டும், உரிமையாளருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. படித்ததும் எனக்கு எங்கள் திருத்தச் சீட்டு ஞாபகம் வந்தது. நம் நாட்டிலும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் 110ஏ பிரிவைச் சேர்த்து, 2021 ஏப்ரல் முதல் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள், காற்றில் போகிற திருத்தமும் அதே பதிவேட்டில்தான் ஏற வேண்டும் என்று கறாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெயர் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளட்டும். தேதி, குறை, எத்தனை வண்டி, உரிமையாளருக்குக் கடிதம் இந்த நாலும் இருந்தால் போதும்.

பேப்பர் படிக்கிற நண்பரின் மகன் சென்னையில் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். போன மாதம் இங்கே வந்திருந்தபோது காலையில் காரைத் திறந்ததும் திரையில் அப்டேட் முடிந்ததாக ஒரு வரி. 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன.' நான் பக்கத்தில்தான் நின்றேன். "என்ன பிழைப்பா?" என்று கேட்டேன். "தெரியலை அங்கிள், ஏதாவது சின்னதா இருக்கும்" என்று சொல்லி ஓகே அமுக்கினான். வரி மறைந்தது. அவன் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, காரின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார். அதற்கு எதிரே என்ன எழுதுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, இடம் விட்டு வைக்கச் சொன்னேன்.